முப்பது என்றால் நாற்பத்திரண்டு

ஜெயலட்சுமி செத்தபோது வடக்குப்பட்டு மெயின் ரோட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். பத்தடிக்கு ஆறடி. பிளெக்ஸ் கடைக்காரன் படம் கேட்டதற்கு வீட்டில் அகப்பட்டது ஆதார் அட்டை ஒன்றுதான். அதிலிருந்த கட்டைவிரல் அளவு முகத்தை அவன் ஆறடிக்கு இழுத்துவிட்டான். ஆதாரில் எவன் மனுஷன் மாதிரி இருக்கிறான்? ஜெயலட்சுமி திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருந்தாள். ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸெல்லாம் மூன்று நாள் அவளை அந்தக் கோலத்திலேயே பார்த்துக்கொண்டு போயின.

வேறு படம் இல்லையா என்று கேட்கலாம். கல்யாண ஆல்பம் பெருவெள்ளத்தில் ஊறிக் கூழாகிப் போனது. அதற்குப் பிறகு, போன் தூக்கினாலே அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். முன்பல் ஒன்று இல்லை. மகள் மோகனப்ரியாவின் போனில் அம்மா படம் என்று நாலு இருந்தது. நாலிலும் முந்தானைதான் இருந்தது.

காரியம் முடிந்ததும் பேனரை அவிழ்த்து வந்து குளிக்கிற மறைப்புக்குக் கூரையாகப் போட்டார்கள். நல்ல பிளெக்ஸை எவனும் தூக்கிப் போடமாட்டான். முகம் உள்பக்கமாக அமைந்துவிட்டது. புருஷன் தேவநாதன் தினம் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மேலே இருந்து அவள் பார்ப்பாள். அவனும் பார்ப்பான். இவள் அவள் இல்லை என்று தோன்றும்.

அவளுடைய உண்மையான முகம் உலகத்தில் இல்லாமல் போகவில்லை. நாற்பத்திரண்டு இருந்தது. அவன் கையாலேயே அடித்தது. அதில் ஒன்றுகூட அவன் வீட்டில் இல்லை. ஆவணியில் முதல் தெவசம் வருகிறது, அதற்குள் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

அந்தப் படம் வந்த கதை இது. ஒரகடத்தில் பிரேக் தகடு செய்கிற கம்பெனி ஒன்று. லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ஊருக்குச் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். ஊர் தண்ணீர்த் தொட்டி கேட்டது. கம்பெனி கலையைக் கொடுத்தது. பழைய ஷெட் ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு, கலை ஃபவுண்டேஷன் என்று போர்டு வைத்தார்கள். முப்பது வருஷம் பிரேக் தகட்டுக்குக் குவாலிட்டி பார்த்து ரிடயரான இராமச்சந்திரன் அதற்கு டைரக்டர். மனுஷனுக்குக் கலை தெரியாது. ஆனால் எதற்கும் ஃபார்ம் போடத் தெரியும். கக்கூஸ் சாவிக்குக்கூட அங்கே ஃபார்ம் நம்பர் உண்டு.

சென்னையிலிருந்து ஜீவானந்தம் என்ற ஓவியரைக் கூட்டி வந்தார்கள். அவர் கம்பெனி கேன்டீனில் ஒரு வாரம் உட்கார்ந்து, தட்டு கழுவுகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஜெயலட்சுமி அங்கேதான் தட்டு கழுவினாள். அவர் வரைந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பாள். வாய் நிறையச் சிரிக்கிறாள், பல் போன சந்து தெரிகிறது, கன்னத்தில் சோப்பு நுரை. அதைச் செப்புத் தகட்டில் கீறி, ஆசிடில் ஊறவைத்து, மை தடவித் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளைக்கு அடியில் விட்டுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சக்கரம் சுற்ற ஆள் வேண்டுமே? அதற்கு வந்தவன்தான் தேவநாதன். கான்ட்ராக்ட் கூலி. இரண்டாம் நாளே மை தடவுவதும் துடைப்பதும் அவன் தலையில் விழுந்தது. ஓவியர் பென்சிலால் கையெழுத்து மட்டும் போட்டார்.

படத்தை ஜெயலட்சுமிக்கும் காட்டினார்கள். "இன்னா சாமி, பல்லு இல்லாத சந்தப் போயி போட்டு வெச்சிகிறாரு!" என்று சொல்லி, படத்தில் இருந்தது போலவே சிரித்தாள். அது தை மாதம். ஆவணியில் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

தெவசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தேவநாதன் ஷெர்லின் மேடத்திடம் போய் நின்றான். படங்களுக்கெல்லாம் பொறுப்பு அந்தப் பெண்தான். பக்கத்து மணிமங்கலத்துப் பெண், நல்ல பெண். நல்லவர்களை வைத்துத்தான் எல்லாக் கெட்டதையும் செய்கிறார்கள்.

"மேடம், எங்கூட்டுக்காரி சிரிக்கிற படம் ஒண்ணு குடுங்க. தெவசத்துக்கு மாட்டணும்."

"ஐயா, அது லிமிடெட் எடிஷன். உலகத்துலயே முப்பதுதான். முப்பதும் வித்துப்போச்சு."

"முப்பதா? நாப்பத்திரண்டு தபா சுத்தனேனே நானு."

"முப்பதுதான் எடிஷன். மிச்சமெல்லாம் ப்ரூஃப்."

"ப்ரூஃப்னா சரியா வராததா?"

"இல்லைங்கய்யா. அதே தகடு, அதே மை, அதே பேப்பர். ஒரு வித்தியாசமும் கிடையாது."

"அப்பால?"

"இதுல முப்பதுல ஒண்ணு, முப்பதுல ரெண்டுன்னு பென்சில்ல எழுதியிருக்கும். அதுல ஏ.பி.ன்னு எழுதியிருக்கும். ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப். அந்தக் காலத்துல படம் சரியா வருதான்னு பார்க்க ஓவியர் தனக்குன்னு நாலு அடிச்சு வெச்சுக்குவார். அந்த மரபு. அது எண்ணிக்கையில வராது."

ஷெர்லின் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். ஏ.பி. ஆறு. 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதினது நாலு. 'சரி, இது மாதிரியே அடிக்கலாம்' என்று ஓவியர் ஒப்பம் போட்ட மாதிரித் தாள் ஒன்று. அடித்தவருக்கு மரியாதையாக ஒன்று. ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டும் கணக்கில் இல்லை. ஆகவே உலகத்தில் முப்பதுதான்.

ரேஷன் கடையில் முப்பது மூட்டை என்று எழுதி நாற்பத்திரண்டு இறக்கினால் பறக்கும் படை வரும். இங்கே குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். போதாததற்கு ஏ.பி.க்கு விலை ஒன்றரைப் பங்கு. விற்கக் கூடாத பொருள் இல்லையா, அதனால் விலை அதிகம்.

"எனக்குப் பென்சிலே வாணாம் மேடம்," என்றான் தேவநாதன். "ஒண்ணும் எழுதாத தாளு ஒண்ணு குடுங்க போதும்."

"எழுதலைன்னா அது இல்லவே இல்லாத பிரதி ஐயா. இல்லாததை நான் எப்படிக் குடுக்கறது?"

அவளுக்கே பாவமாக இருந்திருக்கும். குரலை இறக்கி, "அடிச்சவருக்குன்னு ஒண்ணு இருக்குன்னேனே, பிரிண்டர் ப்ரூஃப், அது மரபுப்படி பிரிண்டருக்குச் சேர வேண்டியது," என்றாள்.

"அடிச்சவன் நான்தானே?"

"நீங்க மேன்பவர் ஐயா. ஒப்பந்தத்துல பிரிண்டர்னு இருக்கறது உங்க கான்ட்ராக்டர் சக்திகுமார்."

ஒரகடம் கூட்டுரோட்டில் பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் சக்திகுமார் ஆபீஸ். காவலாளி, தோட்டக்காரன், லோடுமேன் எல்லாம் அங்கிருந்துதான் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். பிரிண்டர் என்று ஒரு ஆளும் போனது அவனுக்கே ஞாபகமில்லை.

"பெருசு, நீ ஒர்க்கரு. பேப்பர்ல பிரிண்டர் நானு," என்றான்.

"தகட்ட நீ கண்ணால பாத்துகிறியாப்பா?"

"அத்தப் பாத்தா கையில மை ஆவும். பாக்காம செய்யறதுக்குத்தான் கான்ட்ராக்ட்."

"சரி, அந்தப் படம் எங்க கீது?"

"தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோட பர்ச்சேஸ் மேனேஜருக்குக் குடுத்துட்டேன். கான்ட்ராக்ட் ரினிவல் டைம் பாரு."

"இன்னா சொன்னாரு?"

"ஸ்வீட் நல்லா கீதுன்னாரு."

தேவநாதன் படி இறங்கினான். அவன் சுற்றிய சக்கரம், அவன் பெண்டாட்டி முகம், எவனோ ஒருத்தன் வீட்டில் மைசூர்பாகு தின்ற அட்டைப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. பிரித்துப் பார்த்தார்களோ இல்லையோ.

அன்று சாயங்காலம் மோகனப்ரியா ஷிப்ட் முடிந்து வந்து, "ஏம்ப்பா இப்டி அலையற, நெட்ல இருக்கும்ப்பா," என்று தேடினாள். இருந்தது. நகம் அளவு. விரலால் விரித்தால் அம்மா சதுரம் சதுரமாக உடைந்தாள். அதன் மேலே, யாரும் திருடாமல் இருக்க ஃபவுண்டேஷன் பெயரைக் குறுக்கே போட்டிருந்தார்கள். சரியாக வாய்மேல் போயிற்று.

"செத்தும் வாயப் பொத்திக்கினு கீறாப்பா," என்றாள் மகள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஃபவுண்டேஷனுக்குள்ளே போனைக் கொண்டுபோய் ஒரு படம் பிடித்து வரலாமே என்றால், அதுவும் நடக்காது. கேட்டிலேயே கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். பிரேக் தகட்டின் ரகசியம் வெளியே போகக் கூடாதாம்.

அடுத்த வாரம் ஓவியர் ஜீவானந்தம் வந்தார். தேவநாதன் அவர் கார் கதவண்டையே போய் நின்று விஷயத்தைச் சொன்னான். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, அந்தச் சிரிப்பு சிரிப்பே இல்லை. இந்தத் தொழிற்பேட்டையோட மொத்த வலியும் அதுல இருக்கு."

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல சார். சாம்பார்ல வழுக்கி மேஸ்திரி உக்காந்துட்டாரு. அதுக்குச் சிரிச்சா. வூட்ல வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

ஓவியருக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

"ஏ.பி. ஆறும் ஓவியருக்குத்தான்னு மேடம் சொன்னாங்க. அதுல ஒண்ணு குடுங்க சார்."

ஓவியர் அக்கம்பக்கம் பார்த்தார். "ஒப்பந்தத்துல முதல் பக்கத்துலயே போட்டுட்டாங்க. ஆர்ட்டிஸ்ட்னு எங்க வந்தாலும் அது ஃபவுண்டேஷனைக் குறிக்கும். நான் ரிசோர்ஸ் பர்சன். என் படம் ஒண்ணு என்கிட்டயே இல்லை. நானும் ஃபார்ம் எழுதிக் குடுத்து ஏழு மாசம் ஆச்சு." கார் கதவைத் திறந்துகொண்டே, "உங்களுக்கு ஒருவேளை ரெண்டு கிடைச்சா எனக்கு ஒண்ணு சொல்லுங்க," என்றார்.

வரைந்தவன் ஓவியன் இல்லை. அடித்தவன் அச்சடித்தவன் இல்லை. படத்துக்குப் பெயர் 'அடையாளம் தெரியாத தொழிலாளி'. ஆக அவளும் அவள் இல்லை. மொத்தத்தில் இந்தப் படத்தை ஒருத்தருமே செய்யவில்லை. அதனால்தான் இத்தனை பேர் அதற்குச் சொந்தக்காரர்.

கடைசியில் விஷயம் கமிட்டிக்குப் போயிற்று. இராமச்சந்திரன் நடுவில், இந்தப் பக்கம் ஷெர்லின், அந்தப் பக்கம் கம்பெனி வக்கீல்.

"உட்காருங்க தேவநாதன். இல்ல, நில்லுங்க, அந்த நாற்காலி கலெக்‌ஷன்ல இருக்கு," என்று இராமச்சந்திரன் ஆரம்பித்தார். "உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா அருமைன்னா என்னன்னு நீங்க புரிஞ்சுக்கணும். ஒரு பொருள் முப்பது பேர்கிட்ட இருக்குங்கறது பெருமை இல்லை. மீதி எண்ணூறு கோடிப் பேர்கிட்ட இல்லைங்கறதுதான் பெருமை. அந்த எண்ணூறு கோடியில நீங்களும் ஒருத்தர். நீங்க வெச்சுக்காம இருக்கறதாலதான் அவங்க வெச்சிருக்கறதுக்கு மதிப்பு. உங்க பங்களிப்பை நாங்க குறைச்சு எடை போடலை."

"அந்த பன்னெண்டு, சார்?"

"நான் முப்பது வருஷம் குவாலிட்டியில இருந்தவன். ஒரு பீஸ் கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. அது பீஸ் இல்லை. ப்ரூஃப்."

"விற்பனைக்கு இல்லன்னு நாலு கீதாமே. அதுல ஒண்ணு? நானும் விக்கப் போறதில்ல."

"அது நாலும் போர்டு மெம்பர்ஸ் வீட்டுல இருக்கு. அங்கேதான் விற்பனை ஆகாம பத்திரமா இருக்கும். உங்க வீட்டுல ஈரம், கரப்பான், ஊதுபத்திப் புகை. மாட்டுவேன்னு நீங்களே சொல்றீங்க. மாட்டினா வெளிச்சம் படும். வெளிச்சம் பட்டா மங்கும். ஏ.பி.யை நாங்க அலமாரியில பூட்டி வெச்சிருக்கோம், யாருமே பார்க்கறதில்லை. உங்க மனைவி முகத்துமேல உங்களைவிட எங்களுக்கு அக்கறை இருக்குன்னு இப்போ தெரியுதா?"

வக்கீல் தலையாட்டினார். தேவநாதனுக்கும் எதற்கோ தலை ஆடிவிட்டது. பெரிய மனுஷன் பேசி முடித்தால் கழுத்து தானாக ஆடுகிறது. நாற்பது வருஷப் பழக்கம்.

அவன் வாசலுக்குத் திரும்பும்போதுதான் ஷெர்லின் ஒன்றைச் சொன்னாள். முப்பதும் விற்றுவிட்டதால் தகட்டை ரத்து செய்ய வேண்டும். இனிமேல் ஒன்றுகூட அடிக்க முடியாதபடி தகட்டில் கோடு கீறிவிடுவது. கீறினதற்கு அத்தாட்சியாக அதில் ஒரே ஒரு தாள் அடிப்பார்கள். அதற்கு நம்பரும் கிடையாது, விலையும் கிடையாது. "அதை ஐயாவுக்குக் குடுக்கலாமே சார்," என்றாள்.

இராமச்சந்திரன் யோசித்தார். "டேமேஜ் பீஸ். ஸ்கிராப்புல போகறதுதானே. குடுக்கலாம். ஆனா கீறுறதும் அவரே கீறட்டும், ஓவியருக்கு மனசு வரலையாம்."

தேவநாதன் ஒப்புக்கொண்டான். கோடுதானே, ஒரு ஓரமாகப் போட்டுவிட்டால் முகம் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டான். கம்பெனிக்காரனிடம் ஏழை போடுகிற கணக்கு எந்தக் காலத்தில் நேரானது?

ஆடி வெள்ளி அன்று விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள். எல்லாரும் வலது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தார்கள். படம் வாங்கின நாலைந்து பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். தகடு உண்மையிலேயே செத்ததா என்று கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. தேவநாதனுக்குக் கையுறை, கண்ணாடி, மஞ்சள் ஹெல்மெட் எல்லாம் மாட்டி எஃகு ஊசியைக் கையில் கொடுத்தார்கள்.

தகட்டில் அவள் முந்தானை ஓரத்தில் அவன் ஒரு விரற்கடை கீறினான்.

இராமச்சந்திரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ரிஜெக்ட். இது கேன்சல் ஆகலை. மூலைக்கு மூலை வரணும். இப்படி ஒண்ணு, அப்படி ஒண்ணு."

"சார், மூஞ்சி போயிடும் சார்."

"அதுக்குத்தானே இவ்வளவு பேர் வந்திருக்கோம்."

நெற்றியில் ஊசியை வைத்தான். இழுத்தான். செம்பு சுருள் சுருளாக வந்தது, அவள் தலை வாரும்போது சீப்பில் முடி வருகிற மாதிரி. அடுத்த கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடம் அந்தப் பல் போன சந்து. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவனே மை தடவினான், அவனே துடைத்தான், அவனே தாள் வைத்தான். நாற்பத்து மூன்றாவது தடவையாகச் சக்கரத்தைச் சுற்றினான்.

தாளைத் தூக்கிப் பார்த்தான். முகத்துக்குக் குறுக்கே பெரிய பெருக்கல் குறி. ஆனாலும் அதற்குப் பின்னால் அவள் இருந்தாள். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிற மாதிரி. பரவாயில்லை, இது போதும் என்று நினைத்தான்.

அப்போதுதான் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த ஒரு அம்மாள் கிட்டே வந்து கேட்டாள். "இவர்தான் கணவரா? அவர் கையாலயே கீறினாரா?" யாரோ ஆமாம் என்றார்கள். "மை காட்! இதுமாதிரி உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு!"

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்று என்ற சொல் அந்த இடத்தில் மணி அடித்த மாதிரி விழுந்தது. இராமச்சந்திரன் முன்னால் வந்து, குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் அவனிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார்.

"சார், அது எனக்குன்னு..."

"டேமேஜ் பீஸைக் குடுக்கறதாத்தான் பேச்சு. இது டேமேஜ் இல்லையே தேவநாதன். நீங்க அவ்வளவு உணர்ச்சியோட கீறிட்டீங்க."

கோணலாக, கேவலமாகக் கீறியிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. ஷெர்லின் தலையைக் குனிந்துகொண்டு பென்சிலால் ஓரத்தில் எழுதினாள், ஒன்றில் ஒன்று என்று. தகட்டையும் பக்கத்திலேயே வைத்துக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டுவதாகத் தீர்மானம் ஆயிற்று.

வெறுங்கையோடு அவனை அனுப்பவில்லை. வாங்கினவர்கள் நம்பிக்கைக்காக ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. மை தொட்ட ஆள் ஒரு தாள் உருவியிருக்க மாட்டானா என்று அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு கேட்டாளாம். வக்கீல் எழுதினார். தேவநாதன் கையெழுத்துப் போட்டான், இராமச்சந்திரனும் வக்கீலும் அதற்குக் கீழே போட்டார்கள். ஒரிஜினல் ஃபைலுக்குப் போயிற்று. அவனுக்கு ஜெராக்ஸ்.

"எத்தனை வேணும் ஐயா?" என்று கேட்டாள் ஷெர்லின். கண் சிவந்திருந்தது. "இதுக்கு லிமிட் இல்லை."

ஐந்து வாங்கிக்கொண்டான். கிடைக்கிறதை விடுவானேன்.

தெவசத்தன்று காலையில் மோகனப்ரியா குளிக்கிற மறைப்பின் கூரையை இறக்கி, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, முகம் இருந்த இடத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தாள். சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். பொட்டு வைத்து, கதம்பம் போட்டு, வடை பாயசத்தோடு இலை போட்டுப் படைத்தார்கள். பிளெக்ஸ் கீழ்ப்பக்கம் சுருண்டுகொண்டே இருந்ததால் தேவநாதன் ஒரு ஜெராக்ஸை எடுத்து அடியில் சேர்த்து ஒட்டினான்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். இது என்ன காகிதம் என்று ஒருத்தர் கேட்க, படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படித்தார். 'அடையாளம் தெரியாத தொழிலாளி என்ற படைப்பின் எந்தப் பிரதியும் மேற்படி தேவநாதனிடமோ அவர் குடும்பத்தார் எவரிடமோ இல்லை என்றும், இனி ஒருபோதும் இருக்காது என்றும் இதன்மூலம் உறுதி செய்யப்படுகிறது.'

"கவருமென்டு பேப்பரா?" என்று கேட்டார் காது கேளாத ஒருத்தர். ஆமாம் என்றார்கள். கும்பிட்டுவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஜெயலட்சுமி சுவரிலிருந்து திருடிப் பிடிபட்டவள் மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் இல்லை என்று கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.